இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

ஜூன் 9, திங்கள்

இன்று சுபேதார் வந்து சேர்ந்தார்.

வேலையைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். திட்டத்தின் பெயரையும் மலையின் பெயரையும் இங்கேயும் எழுத மாட்டேன். ஆனால் இன்றைய நாளை எங்காவது எழுதி வைத்தே ஆக வேண்டும்.

இதற்கு முன் ஒரு இராணுவ மென்பொருள் திட்டத்தில் பதினொரு வருடம் இருந்தேன். நாலாயிரம் பக்கம் ஆவணம் எழுதினோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏழு கையெழுத்து. கடைசியில் மென்பொருள் தயாரானபோது, அது ஓட வேண்டிய வயர்லெஸ் செட்டையே பட்டாளம் கழித்துக்கட்டியிருந்தது. ஒரு சிப்பாய்கூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அதனால் இந்தத் தடவை சண்டை போட்டே ஒரு புது முறையை வாங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. சுற்றின் முடிவில் மென்பொருளில் ஓடுகிற ஒரு துண்டு கையில் இருக்க வேண்டும். செய்ய வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றும் ஒரு அட்டையாகச் சுவரில் இருக்கும். எது முதலில், எது பிறகு என்று அந்த அட்டைகளை அடுக்குவது என் பொறுப்பு. துண்டைக் கையில் எடுத்து நல்லது கெட்டது சொல்ல ஒரு சிப்பாய் எங்களோடு அதே அறையில் உட்கார வேண்டும். கொள்முதல் அலுவலகம் ஒரு வருடம் யோசித்து, "சோதனையாகச் செய்துபாருங்கள்" என்றது.

அந்தச் சிப்பாய்தான் நாயப் சுபேதார் முனிரத்தினம். வயது முப்பத்தொன்பது. போளூர் பக்கம். பச்சை இரும்புப் பெட்டியோடு வந்தார். சுழல் நாற்காலியைக் காட்டினேன்.

"வேணாம் மேடம். இதுல உக்காந்தா தூக்கம் வந்துடும். கேன்டீன்ல ஒரு மர நாற்காலி கெடக்குது, அத எடுத்துக்கறேன்."

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டா சார்?"

"இல்ல மேடம். மலை தெரியும்."

இர்ஃபான் சிரித்துவிட்டான். எங்கள் தலைமை புரோகிராமர், இருபத்தொன்பது வயது. சுபேதாரும் சேர்ந்து சிரித்தார்.

ஜூன் 11

மகள் மெய்யம்மைக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் சேர்த்தாயிற்று. சுபேதார் எல்லோருக்கும் ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வந்தார். கேஸ் புக் செய்ய வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

முதல் சுற்று முடிந்தது. திரையில் மலை வரைபடம். அதன் மேல் ஐந்து பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு ரோந்துக் குழுவின் தலைவரிடமும் ஒரு கருவி இருக்கும். அது செயற்கைக்கோள் வழியாக இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே வரும். கீழே முகாமில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினொரு வருடத்தில் பார்க்காததைப் பதினோரு நாளில் பார்த்தோம்.

சுபேதார் திரைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தப் புள்ளி, ஆளு இப்போ இருக்கிற எடமா? எப்பவோ இருந்த எடமா?"

"கடைசியா தகவல் வந்த இடம் சார்," என்றான் இர்ஃபான்.

"தகவல் வரலன்னா?"

"கடைசி இடத்துலயே நிக்கும்."

"பச்சையாவா?"

"ஆமா."

"அங்க மைனஸ் முப்பதுல பேட்டரி பொசுக்குனு பூடும் தம்பி. கருவி செத்துடும், புள்ளி மட்டும் உயிரோட நிக்கும். கீழ இருக்கறவன் இன்னா நெனப்பான்? ஆளு அங்கதான் நிக்கறான்னு நெனப்பான்."

நான் அவரிடமே ஒரு அட்டையைக் கொடுத்தேன். அவர் கையெழுத்திலேயே எழுதினார்: 'பழைய புள்ளி பழசுன்னு பாத்த உடனே தெரியணும். எதையும் தொடாம தெரியணும். கிளவுஸ் போட்ட கையால தொட முடியாது.' எண் 212. வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினேன்.

இதற்காகத்தானே இவரைக் கேட்டு வாங்கினோம். வீட்டுக்கு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன் போலிருக்கிறது, மெய்யம்மை கேலி செய்தாள்.

ஜூலை 4, வெள்ளி

கொள்முதல் அலுவலகத்திலிருந்து கர்னல் தாப்லியால் வந்திருந்தார். நல்ல மனிதர். புது முறைக்காக மேலே வாதாடுவது அவர் ஒருவர்தான். தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார்: செப்டம்பரில் மறு ஆய்வு. ஒப்புக்கொண்ட அட்டைகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து முடிந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பழைய முறைக்கே திருப்பிவிடுவார்கள். நாலாயிரம் பக்கம், ஏழு கையெழுத்து. அப்புறம் பத்து வருடத்துக்கு எந்தச் சிப்பாய் கையிலும் எதுவும் இருக்காது.

தளபதிகள் பார்க்கும்போது மலை முப்பரிமாணத்தில் சுழன்றால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

ஜூலை 7, திங்கள்

மூன்றாவது சுற்றுக்குத் திட்டமிட்டோம். 212-க்கு நாலு நாள் ஆகும் என்றான் இர்ஃபான். கருவி, தகவல், திரை மூன்றிலும் கை வைக்க வேண்டும். அந்த நாலு நாளில் மற்ற அட்டைகள் ஆறு முடியும். ஆகவே அடுத்த சுற்றுக்குத் தள்ளலாம் என்று எல்லோருமாக முடிவெடுத்தோம். சுபேதார் எதுவும் சொல்லவில்லை.

வாஷிங் மெஷின் மறுபடியும் தண்ணீர் எடுக்கவில்லை.

ஜூலை 21

212 அடுத்த சுற்றுக்கு. முப்பரிமாண மலை அழகாகச் சுழல்கிறது.

ஆகஸ்ட் 4

அடுத்த சுற்றுக்கு.

மதியம் சாப்பிடும்போது சுபேதார் என் மேசைக்கு வந்தார். அவர் மனைவி கோடீஸ்வரி கொடுத்தனுப்பிய கொள்ளுத் துவையலைப் பாதி எனக்கு வைத்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் இங்க இன்னாத்துக்கு இருக்கறேன்?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? நீங்க இல்லாம இந்தத் திட்டமே இல்ல."

"சரிங்க மேடம்," என்று டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எண்பத்துமூன்று சதவீதத்தில் நிற்கிறோம். எங்கள் திட்ட மேலாளர் ராமபத்திரன் சார் ஒரு யோசனை சொன்னார். பெரிய அட்டையை இரண்டாகப் பிரிப்பது இந்த முறையில் சாதாரணமாகச் செய்வதுதான். புள்ளியைத் தொட்டால் சின்னப் பெட்டி திறந்து கடைசித் தகவல் வந்த நேரத்தைக் காட்டும். அது 212 அ. தொடாமலே புள்ளி வெளிறிப்போவது 212 ஆ. முதல் பாதி அரை நாள் வேலை. இன்றே முடித்து சுவரில் 'முடிந்தது' பகுதியில் ஒட்டியாயிற்று. இரண்டாம் பாதி அடுத்த காலாண்டுக்கு. இதேபோல இன்னும் நாலு அட்டையைப் பிரித்தோம்.

எண்பத்தாறு.

இதில் பொய் ஒன்றும் இல்லை. தொட்டால் நேரம் தெரிகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

வென்றுவிட்டோம். தளபதிகளில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். கர்னல் கண் கலங்கிப் போனார். புது முறை தொடரும். நவம்பரில் மலையில் கள சோதனை.

சோதனைக்குக் கருவியை எடுத்துச் செல்லப் போவது சுபேதாரின் படைப்பிரிவுதான். அவரைத் திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். கிளம்பும்போது பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த ரெண்டாவது பாதி மேடம்?"

"நீங்க மலை ஏறுறதுக்குள்ள அனுப்பிடுவோம் சார்."

சல்யூட் அடித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அக்டோபர் 8

கள சோதனைக்குப் போன மென்பொருளில் இனி எதையும் மாற்றக் கூடாதாம். பழைய முறையின் விதி, இன்னும் நீக்கவில்லை. விதிவிலக்கு வேண்டுமானால் ஒன்பது பக்கப் படிவம். வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10

ராமபத்திரன் சார் படிவத்தைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சதுன்னு கொடுத்துட்டு இப்போ ஓட்டை இருக்குன்னு நாமளே எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். என் கணவர் நாச்சியப்பன் மதுரையிலிருந்து வந்துவிட்டார். வங்கியில் நாலு நாள் லீவு போட்டிருக்கிறார். தி. நகரில் நிற்க இடமில்லை.

நவம்பர் 5

சுபேதாரிடமிருந்து இரண்டு தடவை போன். கூட்டத்தில் இருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலை பத்தேகாலுக்குக் கர்னல் கூப்பிட்டார். நேற்று மலையில்

நவம்பர் 15

நேற்று எழுத முடியவில்லை. தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை சுபேதாரையும் சேர்த்து நாலு பேர் ரோந்து போனார்கள். பிற்பகல் பனி சரிந்தது. "சரிஞ்சிடுச்சு" என்று வயர்லெஸ்ஸில் ஒரு குரல், அதோடு சரி. முகாமில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாயக் கோமதிநாயகம். மேல் முகட்டில் பச்சைப் புள்ளி நின்றது. அதைச் சொன்னார். மீட்புக் குழு அங்கே போய் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் தோண்டியது. ஒன்றும் இல்லை. கருவி காலை 11.42-க்கே குளிரில் செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் மூன்று மணி நேரம் நடந்து, இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியிருக்கிறார்கள்.

பனி யாரையும் மூடவில்லை. சுபேதாருக்குக் கால் முறிந்திருந்தது. இரண்டு பேரை உதவிக்கு அனுப்பினார். பூவரசன் என்ற அரூர்ச் சிப்பாய் அவரை விட்டுப் போக மறுத்து ஒரு பாறை ஒதுக்கில் கூடவே உட்கார்ந்துவிட்டார். உதவிக்குப் போனவர்கள் முகாமைச் சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது பாறையடியில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி இருந்தார்கள்.

குளிர்தான். சரியான இடத்துக்குப் போயிருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே தூக்கி வந்திருப்பார்கள்.

நவம்பர் 17, திங்கள்

சோதனை அறையில் எங்களுக்கும் ஒரு திரை இருக்கிறது. மலையில் தெரிவதெல்லாம் இங்கேயும் தெரியும். புள்ளி இன்னும் நிற்கிறது. பக்கத்தில் அவர் பெயர். பச்சை.

அணைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நான் போய்த் தொட்டேன். சின்னப் பெட்டி திறந்தது. கடைசித் தகவல்: நவ. 13, 11.42. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. மறுபடியும் சும்மா நிற்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டது.

நவம்பர் 19

இர்ஃபான் 212 ஆ-வை எழுதி முடித்துவிட்டான். யாரும் சொல்லவில்லை. அவனாகவே. ஒன்றரை நாள்தான் ஆயிற்று.

"நாலு நாள்னு சொன்னேன் உமா மேடம். நாலு நாள்னு நான்தான் சொன்னேன்," என்று சொல்லிச் சொல்லி அழுதான். திட்டங்களில் மதிப்பீடு தவறுவது இயல்பு என்று தேற்றினேன்.

புது மென்பொருளைப் போட்டதும் புள்ளி மெல்ல வெளுத்து, சாம்பலாகி, பக்கத்தில் கேள்விக்குறி வந்தது. இதைத்தான் அவர் கேட்டார். மலைக்கு அனுப்ப முடியாது. விசாரணை முடியும்வரை எதையும் தொடக் கூடாதாம். சோதனை அறையிலும் பழையதையே திரும்பப் போடச் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் பச்சை.

நவம்பர் 24

இர்ஃபான் திரைமேல் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டான். வெளிச்சம் தாளைத் தாண்டித் தெரிகிறது. வீட்டில் வாட்டர் பியூரிஃபையரின் பச்சை விளக்குக்கும் நான் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். மெய்யம்மை ஏன் என்று கேட்டாள். கண் கூசுகிறது என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

விசாரணைக்கு எல்லாக் கூட்டங்களின் நடவடிக்கையும் எழுத்தில் வேண்டுமாம். விதிப்படி ஒவ்வொரு கூட்டத்தையும் ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். அட்டைகள் என் பொறுப்பு என்பதால் 212 சம்பந்தப்பட்டதை நான் கேட்டு எழுத வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை.

ஹெட்ஃபோனில் முதலில் வந்தது நாற்காலி இழுக்கும் சத்தம். மர நாற்காலி. அப்புறம், "குட்மார்னிங் மேடம்."

எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 3

ஒரு நாளைக்கு ஆறு கூட்டம். அவர் குரல் எனக்கு இப்போது அவர் கூட இருந்த நாளைவிடப் பழக்கமாகிவிட்டது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். கூட இருந்த மூன்று மாதத்தில் இதைக் கவனித்ததே இல்லை. காய்கறிக் கடையில் யாரோ பின்னால் செருமினார்கள். திரும்பாமல் கொஞ்ச நேரம் நின்றேன். கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 4

ஜூலை 7-ம் தேதிக் கூட்டம்.

இந்த நோட்டில் அன்றைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'சுபேதார் எதுவும் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

அவர் நாலு நிமிடம் பத்து விநாடி பேசியிருக்கிறார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே மலையில் அவருடைய கூட்டாளி ஒருவர் காணாமல் போனதைச் சொல்கிறார். வயர்லெஸ்ஸில் கடைசியாகக் கேட்ட இடத்தில் மூன்று நாள் தேடினார்களாம். "நாங்க தோண்டின எடம் வேற, அவன் கெடந்த எடம் வேற மேடம். வெயில் காலத்துல பனி கரைஞ்சப்புறம்தான் கெடச்சான். அவங்க அப்பாவுக்கு நான்தான் போன் பண்ணேன். இந்த ஒரு அட்டைய மட்டும் செஞ்சி குடுங்க. மலை சுத்தலன்னா பரவால்ல."

அப்புறம் என் குரல்: "நல்ல பாயிண்ட் சார். நோட் பண்ணிக்கிறேன். சரி, அடுத்தது?"

நான் நோட் பண்ணவில்லை. இந்த நோட்டில்கூட.

டிசம்பர் 5

பதினேழு தடவை. மூன்று மாதத்தில் பதினேழு தடவை அந்த அட்டையைப் பற்றிப் பேசியிருக்கிறார். கடைசி ஆறு தடவை எண்ணை மட்டும்தான் சொல்கிறார். "இருநூத்திப் பன்னெண்டு மேடம்." அவ்வளவுதான்.

"எல்லோருமாக" என்று எழுதியிருக்கிறேன். பதிவில் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள். "தள்ளலாம்" என்று சொல்கிற குரல் ஒன்றுதான்.

டிசம்பர் 12, வெள்ளி

ராமபத்திரன் சார் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"உமையாள், ஒலிப்பதிவெல்லாம் அவங்க கேக்கல. எழுத்துலதான் கேக்கறாங்க. முடிவு என்னங்கிறத மட்டும் எழுதுங்க. 212 அ முடிஞ்சது. நேரம் பாக்கற வசதி இருந்தது. அந்த நாயக் தொட்டுப் பாக்கல. நம்ம பக்கம் சுத்தம்."

"அவருக்கு என்ன ஆகும் சார்?"

"கோர்ட் மார்ஷல் ஆகலாம். அது பட்டாளத்து விஷயம்." மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "நான் கெட்டவன் இல்லம்மா. நீங்க உண்மைய எழுதினா இந்த முறையே செத்துரும். அப்புறம் பத்து வருஷம் எவன் கையிலயும் ஒண்ணும் இருக்காது. நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு அது," என்றார்.

அது என் கணக்குதான்.

டிசம்பர் 15

நாயக்கின் வாக்குமூலம் நகல் வந்தது. நாலே வரி. 'தடித்த கையுறை போட்டிருந்தேன். புள்ளி சின்னது. இரண்டு தடவை தொட்டேன், பெட்டி திறக்கவில்லை. பச்சையாக இருந்ததால் ஆள் அங்கே இருக்கிறார் என்று நினைத்தேன்.'

டிசம்பர் 26

வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாத ஒலிப்பதிவு என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் நாலாவது விசில் அடித்தது காதில் விழவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மெய்யம்மை ஹெட்ஃபோனை என் காதிலிருந்து எடுத்தாள்.

"யாரும்மா அது பேசுறது?"

"ஆபீஸ்ல இருந்தவரு."

"எங்கே போயிட்டாரு?"

அடுப்பை அணைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

விசாரணை. ஊர் பெயர் வேண்டாம். நீளமான மேசை, எதிரே மூன்று அதிகாரிகள், ஓரத்தில் கர்னல். நான் எழுதிக் கொண்டுபோனது முழுவதையும் கொடுத்தேன். பதினேழு இடங்களிலும் அவர் சொன்ன வார்த்தைகள், நான் சொன்ன பதில்கள். கூடவே ஒலிப்பதிவுகள். எழுதப்படாத அந்த ஒன்பது பக்கப் படிவமும்.

தலைமை அதிகாரி கேட்டார்: "முடிந்தது என்று பதிந்திருக்கிறீர்கள். எந்த அர்த்தத்தில் முடிந்தது?"

"எண்ணிக்கையில் முடிந்தது ஐயா."

"தள்ளிப்போட்டது குழுவா?"

"இல்லை. நான்."

அது சின்னச் சொல்தான். இத்தனை மாதம் எப்படித் தவிர்த்தேன் என்று தெரியவில்லை.

கர்னல் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்த பிறகு, வாசலில், நீங்கள் சரியானதைத்தான் செய்தீர்கள், என்னிடம் இனி பேசாதீர்கள், என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 13, வெள்ளி

முடிவு வந்தது. நாயக் கோமதிநாயகத்தின் மேல் குற்றம் இல்லை. திட்டம் காலவரையின்றி நிறுத்திவைப்பு. என்னை வேறு பிரிவுக்கு மாற்றியாயிற்று. மருத்துவமனை டோக்கன் மென்பொருள். ராமபத்திரன் சார் ராஜினாமா. இர்ஃபான் ஹைதராபாத் போகிறான்.

சோதனை அறையைக் காலி செய்தார்கள். திரையைக் கழற்றும்போது நான் போகவில்லை.

பிப்ரவரி 28, சனி

நேற்று தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கோமதிநாயகம். லீவில் ஊருக்குப் போகிறாராம், தென்காசி பக்கம். வழியில் சென்னையில் இறங்குவதாகவும் என்னைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

இன்று காலை எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற ஓட்டலில் பார்த்தேன். முப்பத்து நாலு வயதாம். அதைவிட மூத்தவராகத் தெரிந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அதை எப்படித் தடுப்பது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அவர் நன்றி சொல்லவில்லை.

"கையுறையக் கழட்டிருக்கலாம்லா மேடம்," என்றார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. "அஞ்சு விநாடிதான். கை கொஞ்சம் மரத்துப் போவும், அவ்வளவுதான். கழட்டலியே. நீங்க எழுதிக் கொடுத்தத வாசிச்சுக் காட்டுனாங்க. எம்மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும்லா."

"தப்பு உங்க மேல இல்ல. நான் அந்த அட்டைய..."

"அது உங்களோடது மேடம். இது என்னோடது."

என் உண்மை அவரை விடுவித்துவிட்டதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில்தான் விடுவித்திருக்கிறது.

ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சுபேதார் சாப் வீட்டுக்குப் போவணும். போன மாசமும் லீவு கிடைச்சுது. போளூர் பஸ்ஸுல ஏறி செங்கல்பட்டுக்குள்ளயே இறங்கிட்டேன். தனியாப் போவ முடியல. நீங்க வாறியளா?" என்று கேட்டார்.

நானும் போனதில்லை. போக வேண்டும் என்று ஒரு நாளும் இந்த நோட்டில் எழுதியதும் இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

விடிந்ததும் கோயம்பேட்டில் பஸ் ஏறினோம். அவர் ஜன்னல் பக்கம். நாலரை மணி நேரத்தில் இருவரும் பேசியது, தண்ணீர் வேண்டுமா, வேண்டாம், அவ்வளவுதான். போளூரிலிருந்து ஆட்டோ.

வீட்டு வாசலில் எருமை கட்டியிருந்தது. மஞ்சள் வண்ணம் பூசிய மாடி வீடு, மாடிப்படி இன்னும் பூசவில்லை. கோடீஸ்வரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "யாரு?" என்றார்.

நாயக் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். என் பெயரை. சுபேதார் எங்களிடம் மூன்று மாதம் இருந்ததை. அவர் கேட்டதை. பதினேழு தடவை கேட்டதை. நான் தள்ளியதை. நவம்பர் ஐந்தாம் தேதி அவர் இரண்டு தடவை போன் செய்ததையும், கூட்டம் ஒன்றும் இல்லாமல் என் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதையும். பெயர் திரையில் வந்தது. எடுத்தால் என்ன கேட்பார் என்று தெரியும். அதனால் எடுக்கவில்லை.

இதை இதற்கு முன் எங்கேயும் சொல்லவில்லை. விசாரணையிலும்.

அப்புறம் நாயக் சொன்னார். கையுறையைப் பற்றி.

கோடீஸ்வரி பக்கெட்டில் மீதி இருந்த ஈரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார், திட்டுவார், வெளியே போ என்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அந்தப் புள்ளி," என்றார் கடைசியில். "அது இப்போ சரி ஆயிடுச்சா?"

"செஞ்சாச்சும்மா. ஒன்றரை நாள்ல செஞ்சாச்சு."

"மலைக்குப் போச்சா?"

"இல்ல. திட்டத்தையே நிறுத்தி வச்சிருக்காங்க."

"ஆளுங்க போறாங்க இல்ல மலைக்கு? இன்னிக்கும் போய்க்கினுதான இருப்பாங்க?"

நாயக் தலையசைத்தார். "போறாங்கக்கா. தெனமும்."

"அவங்க கையில இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. பழைய வயர்லெஸ்தான்."

கோடீஸ்வரி முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"அப்போ இங்க வந்து இன்னாம்மா உக்காந்துகினு இருக்கீங்க?"

மார்ச் 2, திங்கள்

காலை ஒன்பது மணிக்குக் கர்னலுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒன்பதரைக்குச் செய்தேன். பத்துக்கும் செய்தேன். பத்தரைக்கு எடுத்து, பேசக் கூடாது என்று சொன்னேனே என்றார். சொல்லி முடிக்கும்வரை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கருவியையும் அந்த ஒரு அட்டையையும் மட்டும் தனியாகப் பிரித்து மலைக்கு அனுப்ப என்ன வழி என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் வைக்கவில்லை.